படத்தில் வெள்ளையாக இருந்த மலை

பயம் வந்தால் என் கை முதலில் போனைத் தேடும். மூளையைப் பிறகு ஆறுதலாகத் தேடிக்கொள்ளலாம் என்று விட்டுவிடும். அன்றும் அப்படித்தான். மலைநாட்டுக் கஹவத்தை டவுனில் கடையைச் சாத்திவிட்டு, தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு நனைந்தபடி வந்து சேர்ந்தேன். கரையோரத்தில் வேலை செய்யும் மகள் ஒரு வரைபடம் அனுப்பியிருந்தாள். பெரும்புயல் அடித்தால் கடல் ஊருக்குள் எவ்வளவு தூரம் ஏறும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் அவள் வேலை. படத்தில் கரை முழுக்கச் சிவப்பு. அவள் தங்கியிருக்கும் போர்டிங் வீடும் அதற்குள்தான்.

எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். "கடல் வருதுடி!" என்று மனைவியிடம் கத்தினேன்.

"கஹவத்தைக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் வாசல் பக்கம் போய்விட்டாள். யாரோ கூப்பிட்டார்கள் போல.

மகளை அழைத்தேன். "ஒடனே பஸ் ஏறும்மா. படத்துல நம்ம பக்கம் பூரா வெள்ளையா இருக்கு. இங்க ஒரு பயமும் இல்ல."

"ஐயோ அப்பா, அது நாங்களா உண்டாக்குன புயல். இப்பிடி ஒண்ணு வந்தா என்ன ஆகும்னு பாக்குறோம். என் வேலைய காட்டத்தான் அனுப்புனேன்."

இல்லாத புயலுக்குப் பாதி உயிரைக் கொடுத்திருந்தேன். சிரித்துச் சமாளித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வெள்ளைன்னா பயமில்லன்னு இல்லப்பா. அங்க நாங்க கணக்கே போடலன்னு அர்த்தம். மழை எப்பிடி?"

"நேத்துலேருந்து விடல."

"பின்னால மலையப் பாருங்க."

பின்கதவைத் திறந்தேன். வீட்டை ஒட்டித் தேயிலை மலை செங்குத்தாக நிற்கும். அதன் அடியில் எந்த மழையிலும் தெளிவாக வரும் ஊற்று, பால் தேத்தண்ணி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"கலங்கி வருதும்மா."

"மலை சரியப் போற அறிகுறிப்பா அது. ஸ்கூலுக்குப் போங்க. இப்பவே!"

திரும்பினால், மனைவி பையோடு நிற்கிறாள். "கிராம சேவகர் இப்பத்தான் வந்து எல்லாரையும் போகச் சொன்னாரு. உடுப்பெல்லாம் எடுத்தாச்சு. நீங்க கடல விட்டுக் கரையேறுனா போகலாம்."

தோட்டப் பாடசாலையில், பிள்ளைகளின் சின்ன பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தோம். மலை நிற்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வரலாமே என்று எழும்பும்போதெல்லாம் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

மகள் மறுபடி அழைத்தாள். "மழை விட்டாலும் வீட்டுப் பக்கம் போகாதீங்கப்பா." குரல் நடுங்கியது. பாதி எழும்பியவன் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மனைவி போனைப் பிடுங்கினாள். "இவர வாசல்ல நிக்கக்கூட விடமாட்டேன். நீ சாப்பிட்டியா?"