தீபாவளி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது?

வந்திருந்தவர்கள்: கேப்டன் ஹமீட், கேப்டன் லிம், கேப்டன் குணசேகரன். வராதவர்: துணை விமானி டேவிட். காரணம் — லீவு கிடைக்கவில்லை.

லீவைப் பற்றிப் பேசுகிற கூட்டத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை. இதை டைப் அடித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று கேப்டன்களும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது பழகிப்போன விஷயம்.

போன சனிக்கிழமை காலை. கேமரன் மலையில் பிரிஞ்சாங்குக்கு மேலே, தேயிலைக்கு நடுவே நிற்கும் பழைய துரை பங்களா. இப்போது அதை விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு சிறிய விமான கம்பெனியின் விமானிகள் சங்கத்தின் செயற்குழு அங்கே கூடியது. (கம்பெனியின் பெயர் வேண்டாமே!) அரசாங்க அலுவலகத்தில் நான் டைப் அடிக்கும் கிராணி என்பதும், ஒரு நிமிடத்துக்கு அறுபது வார்த்தை அடிப்பேன் என்பதும் இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். கூட்டக் குறிப்பு அடிக்க ஆள் வேண்டும் என்று பங்களாவைப் பார்த்துக்கொள்கிறவர் சொல்லியனுப்பினார். டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அங்கே நான் போவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை போனது போன வருடம்.

கோலாலம்பூரில் இல்லாத ஹோட்டலா? கூட்டம் போட இந்த மலைக்கு ஏன் வருகிறார்கள்? முதல் தடவை போனபோதே கேட்டுவிட்டேன்.

காரணம் டெலிபோன். விமானி எங்கே இருந்தாலும் கம்பெனி கூப்பிட்டுவிடுமாம். யாருக்காவது காய்ச்சல் என்றால் போதும், “உடனே வாருங்கள்.” பங்களா டெலிபோனோ மழை பெய்தால் செத்துவிடும். கேமரன் மலையில் என்றைக்கு மழை பெய்யாமல் இருந்திருக்கிறது?

விமானிகள் ஒன்றுகூடினால் மேகம், புயல், எஞ்சின் என்று பேசுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கைலியும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்து அவர்கள் பேசியது முழுக்க லீவு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பங்களா இருக்கும் அதே தோட்டத்தில் இருபத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்தவர். நம்பவே இல்லை.

“ப்ளேன் ஓட்டுறவங்களுக்குமா லீவு இல்ல? அவங்களுக்கு யாருடா கங்காணி?”

இருக்கிறார். ரோஸ்டர் போடும் அதிகாரி என்று பெயர். யார், எந்த நாள், எந்த விமானம் என்று பட்டியல் போடுகிறவர். முன்பு இருந்தவர் நல்ல மனுஷன். விமானிகள் தங்களுக்குள் நாள் மாற்றிக்கொள்வதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார். நோன்புப் பெருநாளான ஹரிராயாவுக்கு ஹமீட் வீட்டில் இருப்பார், அவருக்குப் பதில் குணசேகரன் பறப்பார். தீபாவளிக்கு அது தலைகீழ். சீனப் புத்தாண்டு வந்தால் லிம்முக்காக இரண்டு பேருமே பறப்பார்கள். எழுத்தில் ஒன்றும் கிடையாது. இந்த நாட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் செய்துகொள்கிற ஏற்பாடுதான், அங்கே ஆகாயத்தில் நடந்தது.

பிறகு புது அதிகாரி வந்தார். மாற்றிக்கொள்வது கூடாது, சீனியாரிட்டிப்படிதான் லீவு என்றார். குணசேகரன் பட்டியலில் கீழே இருப்பவர். மூன்று தீபாவளி போய்விட்டது.

முதல் கூட்டத்தில் தேநீர் இடைவேளையின்போது அவர் என்னிடம் சொன்னது இது. “மகளுக்கு ஆறு வயசு, தம்பி. தீபாவளி காலையில அவ தலையில எண்ணெய் வைக்கிறது எங்க வீட்டுல அப்பா வேலை. மூணு வருஷமா அவ மாமன் வைக்கிறான். பட்டாசு, பலகாரம் எல்லாம் அப்புறம்லா... எனக்கு அந்த எண்ணெய்தான் வேணும்.”

ஆகவே புது ஒப்பந்தத்தில் ஒரு விதி வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு விமானிக்கும் அவருடைய பண்டிகைக்குக் கட்டாயம் லீவு. சீனியர், ஜூனியர் பேச்சே இல்லை.

சொல்வது சுலபம். எழுதுவது? ஹரிராயா பிறை தெரிந்தால்தான். முந்தின நாள் வரை தேதியே தெரியாது. இதை எப்படி ஒப்பந்தத்தில் போடுவது? ஒரு மணி நேரம் பேசி, இரண்டு நாளாகப் போட்டார்கள். லிம்முக்கோ புத்தாண்டைவிட அதற்கு முதல் நாள் இரவுச் சாப்பாடு முக்கியம். குடும்பம் மொத்தமும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அதற்கும் ஒரு மணி நேரம். முதல் நாளையும் சேர்த்தார்கள்.

தீபாவளி?

“என்னோடது ஈஸிலா. காலண்டர்ல இருக்கு. ஒரு நாள், அவ்வளவுதான்” என்றார் குணசேகரன். ஒரு நிமிடத்தில் முடிந்தது. ‘அன்று பூஜ்ய மணி முதல் இருபத்து நான்கு மணி வரை’ என்று அடித்தேன்.

அப்போது ஹமீட்டின் கைக்கடிகாரம் என் கண்ணில் பட்டது. அதில் ஒரு முள் அதிகம். எதற்கு என்று கேட்டேன். விமானிகளுக்கு உலகம் முழுக்க ஒரே கடிகாரமாம், லண்டன் நேரம். பாங்காக்கில் புறப்பட்டாலும் நம் கோலாலம்பூர் சுபாங்கில் இறங்கினாலும் தாளில் எழுதுவது லண்டன் நேரம்தான். நம்முடையது அதைவிட ஏழரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. “அதான் எங்க ரோஸ்டரைப் பிடிச்ச ஏழரை” என்றார் குணசேகரன்.

எனக்கு ஒரே ஆச்சரியம். ஊருக்கு ஊர் சூரியன் வேறாக இருந்தாலும் ஒரே நேரத்தை நம்பிப் பறக்கிறார்களே! பஸ்ஸில் மலை இறங்கி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த ஆச்சரியத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

நான்கு மாதப் பேச்சு. வெளியூரில் தங்கும்போது ஆளுக்கொரு அறை வேண்டும் என்ற கோரிக்கையை விட்டுக்கொடுத்து, பண்டிகை விதியை வாங்கினார்கள். (லிம்மின் குறட்டையை இனி ஒருவர் தாங்கியாக வேண்டும் என்று ஹமீட் வருத்தப்பட்டாராம்.) மூன்று வருட ஒப்பந்தம் கையெழுத்தானது.

தீபாவளி வந்தது. பத்து நாள் கழித்து குணசேகரனிடமிருந்து எனக்கு ஒரு கடிதமும் வந்தது.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி அவரைச் சரக்கு விமானத்தோடு பாங்காக்குக்கு அனுப்பியிருக்கிறார்கள். திரும்பிச் சுபாங்கில் இறங்கும்போது காலை ஆறு ஐம்பது. வீட்டை அடையும்போது எட்டரை. மகள் குளித்து, கும்பிட்டு, மத்தாப்பு கொளுத்தி, புதுச் சட்டையோடு தூங்கியும் போய்விட்டாள்.

கோபத்தில் ரோஸ்டர் அதிகாரிக்குப் போன் போட்டிருக்கிறார். அவர் பொறுமையாக விதியைப் படித்துக் காட்டினாராம். ஒப்பந்தத்தில் எல்லா நேரமும் லண்டன் நேரம். தீபாவளி பூஜ்ய மணிக்குத் தொடங்குகிறது, அதாவது நம் கடிகாரத்தில் காலை ஏழரை. அதற்கு நாற்பது நிமிடம் முன்னாலேயே விமானம் இறங்கிவிட்டது. லீவு மறுநாள் காலை ஏழரை வரை அப்படியே இருக்கிறது. “இது உங்க யூனியன் எழுதிக் கொடுத்ததுதானே, கேப்டன்?”

யாரைக் குற்றம் சொல்வது? ஹமீட்டுக்கு இரண்டு நாள் இருந்தது, தப்பித்தார். லிம்முக்கு முதல் நாள் சேர்ந்திருந்தது, தப்பித்தார். கஷ்டம் என்று நினைத்ததையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஈஸி என்று நினைத்ததை யாரும் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த மூன்று பேர், பறப்பதற்கு வைத்திருக்கும் கடிகாரத்தைக் குளிப்பதற்கும் வைத்துவிட்டார்கள்.

அம்மாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவருக்குக் கேப்டன் மேல் கோபமில்லை.

“நீதானே டைப் அடிச்ச? நாலு மணிக்கு உன்னைய எழுப்பி எண்ணெய் தேய்க்கிறேன் வருஷாவருஷம். ஏழரைக்கு எவன்டா குளிக்கிறான்?”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்தவன் ஒரு தாளை அடித்தால் அதில் எழுத்துப் பிழை இருக்காது, உண்மைதான். ஆனால் அடிக்கிற விரல் தன் வீட்டு விடியலை மறந்துவிடுகிறதே, அதற்கு என்ன செய்வது?

இதைச் சரிசெய்யத்தான் போன சனிக்கிழமை கூட்டம்.

கம்பெனி மறுக்கவில்லை. ஆனால் மூன்று வருடம் முடியுமுன் ஒப்பந்தத்தைத் திறக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு விலை உண்டு என்றது. சங்கத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் வருட லீவில் கொஞ்சம் விட்டுத்தர வேண்டும்.

குணசேகரன்தான் முதலில் எதிர்த்தார். “தீபாவளி கும்பிடுறவங்க நாங்க நாலே பேர். எங்களுக்காக எல்லாரும் ஏன் கொடுக்கணும்? ரெண்டு வருஷம்தானே. மாமனே வைக்கட்டும்.”

லிம் மெதுவாகத்தான் பேசினார். தன் அம்மாவின் சாப்பாட்டு மேசைக்காக ஒரு மணி நேரம் பேசியபோது தலை எண்ணிப் பார்க்கவில்லையே, இப்போது ஏன் எண்ண வேண்டும் என்றார். வராத டேவிட் தன் ஓட்டைக் கடிதத்தில் அனுப்பியிருந்தார். ஒரே வரி: கொடுத்துவிடுங்கள். ஹமீட், குணசேகரன் பக்கம் பார்த்து “சூடாலா, குணா” என்றார். மலாயில் ‘போதும்பா’ என்று சொல்வதுபோல. பிறகு என் பக்கம் திரும்பி, உங்கள் தீபாவளி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று கேட்டார்.

இந்தத் தடவை யோசித்தேன். முந்தின நாள் சாயங்காலமே பூஜை சாமான், படையல் எல்லாம் ஆரம்பித்துவிடுமே. “முதல் நாள் மாலை ஆறு மணி, சார். நம்ம நேரம். இங்கே சுவரில் ஓடுகிற நேரம்.”

அப்படியே அடித்தேன். குணசேகரன் தாளை வாங்கி மூன்று தடவை படித்தார். வெளியே போய், கொழுந்து எடுக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

கூட்டக் குறிப்பின் கடைசி வரியையும் நான்தான் அடித்தேன். விட்டுத்தருவது: ஆளுக்கு வருடத்துக்கு இரண்டு நாள், மீதி இரண்டு வருடத்துக்கு, சங்கத்தில் இருபத்திரண்டு பேர். ஆக மொத்தம், எண்பத்தெட்டு நாள் லீவு.