ஸ்வீடிஷ்ல ஒரு தரம், இலோகானோல மூணு தரம்

ரெண்டு மாசமா எனக்கு ஒரு இடத்துல உட்கார முடியல. தையல் மெஷின்ல உட்காந்தா காலு பாட்டுக்கு மிதிக்குது, மனசு எங்கயோ போயிடுது. போன வாரம் பாகூர் கல்யாணப் பொண்ணோட ஜாக்கெட்டுக்கு ரெண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டித் தொலைச்சேன். முப்பது வருஷமா உறுவையாறுல தைக்கிறேன், இப்படி ஒரு கூத்து பண்ணதில்ல.

எல்லாம் என் பொண்ணாலதான். ஒரே பொண்ணு. நர்ஸ் படிச்சிட்டு ஸ்வீடனுக்குப் போய் ஏழு வருஷம் ஆவுது. அங்க கூட வேலை பாக்குற பிலிப்பைன்ஸ் பையனைக் கட்டிக்கிட்டா. மொதல்ல நான் குதிச்ச குதி ஊருக்கே தெரியும். அப்புறம் நம்ம பங்குக் கோவில்லயே கல்யாணத்தை வெச்சோம். இப்ப அவளுக்கு ஏழு மாசம்.

அவளைச் சுத்தி ரெண்டு பாஷை ஓடுது. வாசலைத் தாண்டினா ஸ்வீடிஷ். மாப்பிள்ளை அவங்க அம்மாகிட்ட போன்ல பேசறது அவங்க ஊர் பாஷை, இலோகானோ. பொறக்கப் போறது எதுல பேசுமோ, எனக்கு ரெண்டும் தெரிஞ்சிருக்கணும்னு ஒரு வெறி. காதுல இயர்போனை மாட்டிக்கிட்டு, பாடம் கேட்டுக்கிட்டே ஹூக்கு தைப்பேன். "இன்னாடி, கலெக்டர் பரிட்சையா?"ன்னு வூட்டுக்காரர் நக்கல் பண்ணுவார். பண்ணட்டும், அவருக்கு இன்னா வேலை.

ஸ்வீடிஷ்ல 'டூ'ன்னா நீ. டாக்டரும் 'டூ', கூட்டிப் பெருக்கறவங்களும் 'டூ', மாமனாரும் 'டூ'. எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்களாம். கேட்டதும் எனக்குப் பகீர்னுச்சு. இலோகானோ அப்படி இல்ல, நம்ம பக்கம்தான். பஸ்ல பக்கத்துல உட்காந்தவ நம்மளவிடப் பெரியவளா இருந்தா 'மானாங்', ஆம்பளையா இருந்தா 'மானோங்'. நாமும் நாங்களும் அவங்களுக்கும் தனித்தனி. 'தயோ'ன்னா கேக்கறவங்களும் சேத்தி, 'கமி'ன்னா அவங்களை வுட்டுட்டு. ஸ்வீடிஷ்ல ரெண்டுக்கும் ஒரே 'வி'. அப்ப சண்டை போட்டா எப்படித்தான் கட்சி பிரிப்பாங்களோ, கர்த்தருக்கே வெளிச்சம். சம்பந்திக்குக் கூட இலோகானோல ஒரு வார்த்தை இருக்கு, 'அபலாயன்'. ஸ்வீடிஷ்ல அதுக்கு வார்த்தையே இல்லன்னு பொண்ணு சொன்னா.

அதுக்காக ஸ்வீடிஷை மட்டமா சொல்லிட முடியாது. அம்மாவோட அம்மாவுக்கு ஒரு பேரு, அப்பாவோட அம்மாவுக்கு ஒரு பேரு. நான் 'மோர்மோர்'. எழுத்தைப் பாத்து அப்படித்தான் படிச்சேன், "முர்முர்னு சொல்லணும்மா"ன்னு பொண்ணு திருத்தினா. வேணாங்கறதுக்கு 'நெய்'. "மோரு, நெய்யி, இதென்னடி பால்காரன் பாஷை?"ன்னு கேட்டேன். அவ வயித்தைப் புடிச்சிக்கிட்டு சிரிச்சா.

மூணாம் மாசத்துலயே அவ போன் பண்ணி, "அம்மா, பிரசவத்துக்கு இங்க வரியா?"ன்னு கேட்டா. தலைப்பிரசவம் அம்மா பாக்கறது, அதுல பேச்சே கிடையாது. எனக்கு உள்ளுக்குள்ள அப்பவே பொட்டி கட்டியாச்சு. ஆனா வாய் இருக்கே, வாய்! "ஐயோ, நான் எங்கடி அவ்ளோ தூரம்? உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"னேன்.

இங்க எவளும் மொதல் தரமே சரின்னு சொல்ல மாட்டா. காபி சாப்பிடறியான்னு கேட்டாலே, மொதல் வேணாம் மரியாதைக்கு, ரெண்டாவது கூச்சத்துக்கு. மூணாவது தரம் கேக்கும்போது டம்ளரைக் கையில வாங்கிடுவோம். கேக்கறவளுக்கும் அது தெரியும், அடுப்புல பாலை வெச்சிட்டுத்தான் கேப்பா.

என் பொண்ணு, "சரிமா"ன்னா. அவ்ளோதான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை கேப்பான்னு பாத்தேன். அதுக்கு அடுத்த ஞாயிறு பாத்தேன். அவ பாட்டுக்கு மழை, பனி, டாக்டர்னு பேசிட்டு வெச்சிடுவா. அஞ்சாம் மாசம் ஒருநாள், "அவரோட அம்மா வராங்கமா"ன்னா.

அந்தம்மாவும் சும்மா சரின்னுடல. "உமாய் கா, நானாங்", வாம்மான்னு மாப்பிள்ளை கெஞ்சினதை வீடியோல என் காதால கேட்டிருக்கேன். அவங்க 'சான், சான்'னு மாட்டேன்னாங்க. அவர் வுடவே இல்ல. கேட்டுக் கேட்டு, நாலாவது தரம் சரின்னாங்க. அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நான் பெத்ததுக்குத் தெரியல.

பொறாமையான்னு கேட்டா, ஆமா, பொறாமைதான். சொல்றதுக்கு எனக்கு இன்னா வெக்கம்? அந்தம்மா மேல கோவப்படவும் முடியல. வீடியோல என்னைப் பாத்தா மொத வேலையா, "நாங்கான் கான், அபலாயன்?", சாப்ட்டியா சம்பந்தின்னு கேப்பாங்க. அப்படிக் கேக்கறவங்களை எப்படித் திட்டறது?

நேத்து காலைல அந்தப் பாகூர் ஜாக்கெட்டைப் பிரிச்சுக்கிட்டு இருந்தேன். தாங்கல. கத்திரியைப் போட்டுட்டு போனை எடுத்தேன்.

"ஏன்டி, நான் வேணாம்னா அத்தோட வுட்டுடுவியா?"

"நீதானேமா வேணாம்ன?"

"ஒரு தரம்தான்டி சொன்னேன்!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. "இங்க வேணாம்னா வேணாம்தான்மா. திரும்பக் கேட்டா தொல்லை பண்ற மாதிரி. எனக்கும் அப்படியே பழகிடுச்சி. கல்யாண விஷயத்துல உனக்கு இன்னும் கோவம் தீரல, அதான் வர மாட்டேங்கறேன்னு நெனச்சேன். எவ்ளோ அழுதேன் தெரியுமா?"

நான் இங்க கேக்கலியேன்னு வெந்து சாவறேன், அவ அங்க வரலியேன்னு அழுதிருக்கா. வயித்துப் புள்ளக்காரி.

"அம்மா, வரியா?"

வரேன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். சத்தியமா அதுக்குத்தான் தொறந்தேன். ஐம்பத்து நாலு வருஷப் பழக்கம் எங்க போவும்? "சம்பந்தியம்மாதான் வராங்களே, உங்களுக்கு எதுக்குடி சிரமம்?"னு வந்துடுச்சு. நாக்கை அறுத்துப் போட்டுடலாம் போல இருந்துச்சு.

அவ போனை வைக்கல.

"வரியாமா?"ன்னு மறுபடியும் கேட்டா. நான் மூச்சு வாங்கறதுக்குள்ள இன்னொரு தரமும் கேட்டா.