செல்போன் மின்னலை இழுக்குமா?

மஞ்சூர் பஜாரில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே வேலாமணியின் கடை. மிக்சி, ஹீட்டர், டார்ச் லைட் என்று எது பழுதானாலும் பார்ப்பார். கோயம்புத்தூர் ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் படித்தவர்; அந்த வகுப்பில் ஒரே பெண். குந்தா மின்நிலையத்தில் வேலை கிடைக்கும் என்று ஏழு வருடம் காத்திருந்தார். கிடைக்கவில்லை. கடை போட்டுவிட்டார்.

பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏதாவது கேட்பார்கள். கரண்ட் கம்பியில் காக்கா உட்கார்ந்தால் ஏன் சாவதில்லை? கீழே கோயம்புத்தூரில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மலை ஏறியதும் ஏன் உப்புகிறது?

"இங்க வெளிக்காத்தோட அழுத்தம் கம்மிங்க. உள்ள இருக்கறது கோயமுத்தூர்க் காத்து. அது தள்ளுது" என்பார், கையில் இருக்கும் ஸ்குரூ டிரைவரை வைக்காமலே. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார். காலண்டர் தாளில் குறித்து வைத்து, மின்நிலையத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற லூயிஸிடம் கேட்டு வந்து சொல்வார்.

போன ஐப்பசியில் ஒரு நாள் தெய்வம்மா ஒரு டார்ச் லைட்டைக் கொண்டு வந்தார். சிறு பெண்ணாக இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். இங்கே தேயிலைக் கொழுந்து பறித்தே ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது. டார்ச் சரியான பிறகும் அவர் போகவில்லை. கடையில் இருந்த மற்றவர்கள் கிளம்பும்வரை ஓரமாக நின்றார்.

"தங்கச்சி, செல்போன் மின்னலை இழுக்குமா?"

வேலாமணி ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். இரண்டு வருடம் முன்பு தெய்வம்மாவின் கணவர் செல்லையா தேயிலைக் காட்டில் மரத்தடியில் இடி விழுந்து இறந்தது ஊருக்கே தெரியும். அப்போது போனில் பேசிக்கொண்டிருந்தார் என்றும் தெரியும். பேசியது யாரோடு என்பது இப்போதுதான் தெரிந்தது.

"நான்தான் கூப்பிட்டேன். போன் இழுத்துருச்சுன்னு சாவு வீட்டுலயே எல்லாரும் கதைச்சாங்க. அன்னையிலருந்து நான் போனத் தொடுறதில்ல."

இழுக்காது என்றுதான் வேலாமணி படித்திருந்தார். ஆனால் இதை நினைவை மட்டும் நம்பிச் சொல்ல மனம் வரவில்லை.

"ரெண்டு நாள் குடுங்கக்கா. நல்லாக் கேட்டுட்டு நானே உங்க ஊட்டுக்கு வர்றேன்."

லூயிஸைக் கேட்டார். அவர் கொடுத்த புத்தகத்தையும் படித்தார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டு வாசலில் தெய்வம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இழுக்காதுங்க. கையில போன் இருந்தாலும் இல்லாட்டியும் மின்னலுக்கு ஒண்ணுதான். அது உசரமா நிக்கிறதுல இறங்கும். மரத்துல இறங்குனா பக்கத்துல நிக்கிற ஆள் மேலயும் தாவும்."

தெய்வம்மா நிமிரவில்லை. "நான் கூப்பிட்டதாலதான அந்த மனுசன் மரத்தடியில நின்னிருப்பாரு?"

இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. வேலாமணி இன்னொன்று கேட்டார்.

"போன் எடுத்ததும் மொதல்ல என்ன சொன்னாருங்கக்கா?"

"மழை புடிச்சிருச்சு, சில்வர் ஓக் மரத்துக்குக் கீழ நிக்கிறேன், விட்டதும் வாறேன்னாரு."

தெய்வம்மாவின் உதடுகள் அசைந்தன, அந்த வாக்கியத்தைத் தனக்குள் இன்னொரு முறை சொல்வதைப்போல.

"மொதல்லயே அங்கதான் நின்னிருக்காரு" என்றார்.

"ஆமாங்க."

"நான் கூப்பிடுறதுக்கு முன்னாலயே."

வேலாமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தெய்வம்மா வெகுநேரம் அழுதார். பிறகு முகம் கழுவி வந்து டீ போட்டார். பால் இல்லை; வரட்டீதான். குடிக்கும்போது, "அப்ப எதுக்கு மின்னல் அவரை எடுத்துக்கிச்சு?" என்று கேட்டார்.

"அது எனக்குத் தெரியலீங்கக்கா."

"தெரியலன்னு சொன்னியே, அதுவே போதும்."

அந்த வாரமே தெய்வம்மா திருப்பூரிலிருக்கும் மகளோடு போனில் பேசினார். இப்போதெல்லாம் வானம் கறுத்தால் வேலை வாங்கும் மேஸ்திரிக்கு முன்பே அவர் குரல்தான் கேட்கிறது: "மரத்தடிய விட்டு வாங்க. எல்லாரும் பாக்டரிக்குள்ள வாங்க." கூடையோடு பெண்கள் ஓடுகிறார்கள். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வருகிறார். தெய்வம்மா கடைசி ஆளும் உள்ளே வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.