பதினாலு நிமிஷ நடை

மலையடிவாரத்து நேஸ்விக் துறையில் சுற்றுலாக் கப்பல்களுக்குக் கயிறு கட்டுவது ஸ்டைனாரின் வேலை. முப்பத்தொரு கோடைகளாகச் செய்கிறார். வரும் கப்பலின் முதல் கயிற்றை இரும்புத் தூணில் மாட்டுவதும் போகும்போது கடைசிக் கயிற்றைக் கழற்றி விடுவதும் அவர்தான். இப்படி அவர் கயிறு கட்டிய கப்பல்கள் ஆயிரத்து இருநூற்று ஆறு. ஒன்றிலும் ஏறிப் பயணம் போனதில்லை. கப்பல் கட்டிய நிமிஷம், கழற்றிய நிமிஷம், காற்றின் திசை, மழையின் அளவு எல்லாம் சட்டைப் பையிலுள்ள குறிப்பேட்டில் இருக்கும். அவர் மணி சொன்னால் ஊரில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.

மலைமேல் கடலைப் பார்த்து நிற்கும் சிவப்புக் கொட்டகை உள்ள பண்ணைதான் அவர் பிறந்த இடம். மேல்வீடு என்று பெயர். வழக்கப்படி அது அண்ணன் ஹல்வாருக்குப் போனது. இளையவர் துறைக்கு இறங்கினார். அதில் மனத்தாங்கல் ஏதும் இல்லை. மனத்தாங்கல் வந்தது பதினோரு வருஷம் முன்பு, ஒரு வேலிக்கதவால். ஹல்வாரின் ஏழு ஆடுகள் திறந்திருந்த கதவு வழியே போய்ப் பாறையிலிருந்து விழுந்து செத்தன. கடைசியாக அந்த வழியே போனவர் ஸ்டைனார்.

"நான் மூடினேன்" என்றார்.

"எல்லாத்தையும் எழுதுறவனாச்சே. எழுதி வச்சிருக்கியா?" என்று கேட்டார் ஹல்வார்.

எழுதியிருக்கவில்லை. அன்றிலிருந்து ஸ்டைனார் மேலே போகவில்லை, ஹல்வார் துறைக்கு வரவில்லை. இருவருக்கும் வேண்டிய ஊர், இங்கத்திய மரியாதைப்படி, ஒருவர் காதில் மற்றவர் பெயரைப் போடாமல் பார்த்துக்கொண்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை 7.42க்குக் கப்பல் கட்டியாயிற்று. முந்தின நாள் மழை முப்பத்தொன்றரை மில்லிமீட்டர்; இன்னும் விட்டபாடில்லை. மலையில் மூட்டம் இறங்கியதால் பேருந்துச் சுற்றுலாக்கள் ரத்து. பயணிகள் நெகிழி மழையங்கிகளில் துறையையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். பதினொன்றே காலுக்கு மஞ்சள் குடையுடன் ஓர் அம்மாள் ஸ்டைனாரிடம் வந்தார். ஹெட்விக் என்று பெயர், ஜெர்மனியிலிருந்து வந்தவர், எழுபத்து நாலு வயது. துறையில் பழகிய ஜெர்மன் ஸ்டைனாருக்கு ஓரளவு வரும்.

"அந்தச் சிவப்புக் கொட்டகைக்கு எவ்வளவு தூரம்?"

"மழையில எதுக்கும்மா அங்க?"

"ஒன்பது நாளாக் கப்பல்லேர்ந்து மலையைப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு தடவை மலையிலேர்ந்து கப்பலைப் பாக்கணும்."

ஆசை நியாயமாகப் பட்டது. "இது மழையே இல்ல, சும்மா ஈரம்" என்றார் ஸ்டைனார். "அதோ அந்த மர வீட்டுக்குப் பின்னால ஒத்தையடிப் பாதை. ஓடைப் பாலத்தைத் தாண்டினா வந்துடும். பதினாலு நிமிஷ நடை. உங்களுக்கு வேணா இருபதுன்னு வச்சுக்குங்க. நாலு மணிக்குக் கயிறை அவுத்துடுவேன், மறந்துடாதீங்க."

பதினாலு நிமிஷம் என்பது அவரே பல தடவை கணக்குப் பார்த்தது.

மூன்று மணிக்குக் கப்பலின் ஏறுபாலத்தில் நிற்கும் பாதுகாப்பு அதிகாரி, கையில் பயணிகள் பட்டியலோடு வந்தார். ஒருவர் மட்டும் திரும்பவில்லை என்றார். நாலு மணிக்கு மேல் கப்பல் ஒரு நிமிஷம்கூட நிற்காது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

"மஞ்சக் குடை அம்மாதான்" என்றார் ஸ்டைனார். "மேல... மேல போச்சு."

அவருடன் கயிறு பிடிக்கும் போர்க்னி, தலைத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள், நிமிர்ந்தாள். "எந்த வழியாப் போகச் சொன்னே?"

"வேற எந்த வழி? பாலத்து வழிதான்."

"ஸ்டைனார், அந்தப் பாலம் இல்லையே! மூணு வருஷம் முன்னாடி பனி உருகின வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. இப்பெல்லாம் காட்டைச் சுத்திதான் போறாங்க. ஒன்றரை மணி நேரம் ஆகும்."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"உங்கிட்ட யாரு சொல்லுவா? அந்த வீட்டுப் பேச்சை எடுத்தாலே காப்பியக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போற ஆளு நீ."

ஸ்டைனார் மலையைப் பார்த்தார். மூட்டம்தான் தெரிந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அவர் யாருக்கும் தப்பான நேரம் சொன்னதில்லை. சொன்ன ஒரே தடவை, பொங்கி ஓடும் ஓடையை நோக்கி ஒரு கிழவியை அனுப்பியிருக்கிறார். நடந்து போய்த் தேட நேரமில்லை. வண்டிப்பாதை ஹல்வாரின் முற்றத்தில்தான் முடிகிறது.

"நான் வேணா ஹல்வாரை போன்ல கூப்பிடட்டுமா?" என்றாள் போர்க்னி.

"வேணாம். அனுப்பினது நான்."

பிறந்த வீட்டின் தொலைபேசி எண்ணை எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. ஏழாவது தடவை மணி அடித்தபோது எடுத்தார்கள்.

"யாரு?"

"நான்தான்."

"ஏன், கப்பல் முழுகிடுச்சா?"

"ஹல்வார், ஒரு அம்மா அந்தப் பக்கம் வந்தாங்க. மஞ்சக் குடை..."

"குடை ஓடையோட போயிடுச்சு. நானே பாத்தேன்."

"அந்த அம்மா?"

"அம்மா எங்க அடுப்படியில உக்காந்து நாலாவது வாஃபிள் அப்பம் சாப்பிடுறாங்க. காலுறை காயுது. இல்லாத பாலத்துக்கு முன்னாடி நின்னு சத்தம் போட்டிருக்காங்க, நாய்தான் கேட்டு என்னை இழுத்துக்கிட்டுப் போச்சு. காட்டைச் சுத்திக் கூட்டிக்கிட்டு வந்தேன். எவன் இந்த வழிய சொன்னதுன்னு அரைகுறை ஜெர்மன்ல கேட்டேன். நிமிஷக் கணக்கா மணி சொல்ற ஒருத்தர்னாங்க. அப்பவே தெரிஞ்சுது."

"அப்பவே எனக்குச் சொல்லியிருக்கலாமே!"

"நீ பேசுவியான்னு எனக்கு என்ன தெரியும்? மழை விட்டதும் இறக்கி விடலாம்னு இருந்தேன்."

"மழை வியாழக்கிழமைதான் விடும். கப்பல் நாலு மணிக்கு. இப்ப மூணு பன்னெண்டு."

தொலைபேசி வைக்கப்பட்டுவிட்டது.

3.43க்கு டிராக்டர் வந்தது. ஹல்வாரின் தாடி முழுக்க வெளுத்திருந்தது. அது ஸ்டைனாருக்கு அதுவரை தெரியாது. ஹெட்விக் அம்மாள் முழங்கால் வரை வரும் ரப்பர் காலணியில், இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்து இறங்கினார்.

"மன்னிச்சுடுங்கம்மா" என்றார் ஸ்டைனார். "எனக்குத் தெரிஞ்ச கணக்கு பழசு."

"கப்பலைப் பாத்தேன். மூட்டம் ஒரு நிமிஷம் விலகிச்சு. எவ்வளவு சின்னது தெரியுமா?" என்று விரலால் அளவு காட்டிவிட்டு அம்மாள் ஏறுபாலத்தில் ஏறினார். ஹல்வாரின் காலணியும் கூடவே போயிற்று.

அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்றார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் ஸ்டைனார் வாயில் வந்ததைக் கேட்டார்.

"வேலிக்கதவை மூடினியா?"

போர்க்னி கண்ணை மூடிக்கொண்டாள். ஹல்வாரின் முகம் இறுகியது. பிறகு மெல்ல மலைப்பக்கம் திரும்பினார்.

"இல்ல" என்றார். "அவசரத்துல... இறங்கித் திறந்தேன். மூடல."

மழை டிராக்டரின் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. பதினோரு வருஷமாகச் சொல்ல வேண்டுமென்று வைத்திருந்த சொற்கள் ஸ்டைனாரிடம் நிறைய உண்டு. அத்தனையும் இப்போது பொருந்தும். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினாலு நிமிஷம் இருக்கு. பின்பக்கக் கயிறு கனம், போர்க்னியால தனியா முடியாது. கை கொடு. அவுத்து விட்டுட்டு ரெண்டு பேரும் மேல போவோம்."

சரியாக நாலு மணிக்குக் கடைசிக் கயிறு தண்ணீரில் விழுந்தது.

டிராக்டரில் மேலே போகும்போது ஸ்டைனார் பின்சக்கர மூடிமேல் உட்கார்ந்திருந்தார். முதல் வளைவு தாண்டியபின் சொன்னார்: "அன்னிக்கு நான் மூடினேனான்னு எனக்கே நிச்சயமாத் தெரியாது. மூடினேன்னு நெனச்சேன். எழுதாததை எப்படிச் சொல்றது?"

ஹல்வார் திரும்பவில்லை. "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். அடுத்த வளைவில், "நானும் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்."

மூன்று ஆடுகள் கதவுக்கு வெளியே பாதையில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தன. பாறை வரை போகவில்லை. மூன்றையும் உள்ளே விட்டு எண்ணினார்கள், பண்ணையின் நாற்பத்தாறு ஆடுகளும் இருந்தன. ஹல்வார் கதவைச் சாத்தினார், ஸ்டைனார் கொக்கியை மாட்டினார். பிறகு குறிப்பேட்டை எடுத்து, மழை படாமல் குனிந்து, அன்றைய கப்பலுக்குக் கீழே எழுதினார்: வேலிக்கதவு மூடியது, 4.38. இருவர்.