வெள்ளவத்தைக்கு நாலு மணித்தியாலம்

பம்பலப்பிட்டியில் ஒரு கணக்கு நிறுவனத்தில் எனக்கு முதல் வேலை. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் போவேன். குண்டு, சோதனைச் சாவடி, வீதி மூடல் என்று ஆட்கள் அலுவலகம் வந்து சேர்வதே பெரும்பாடாக இருந்த யுத்த காலம். அதனால் பாதிப் பேரை வீட்டிலிருந்தே அலுவலக சேர்வரோடு இணைந்து வேலை செய்ய விட்டிருந்தார்கள். அந்த சேர்வரைப் பார்த்துக்கொள்வது நான். கம்ப்யூட்டர் படிப்பு முடித்த சூடு ஆறவில்லை. எதைக் கண்டாலும் திருத்தத் தோன்றும்.

முதலில் கண்ணில் பட்டது, வீட்டிலிருப்பவர்கள் ஒழுங்காக வெளியேறுவதில்லை என்பது. திரையை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் திறந்து வைத்த வேலை, எங்கள் பாஷையில் செஷன், சேர்வரில் அப்படியே கிடந்து இடத்தை அடைக்கும். காலை பாதி போவதற்குள் மற்றவர்கள் யாரும் உள்ளே நுழைய முடியாது. நான் ஓர் எல்லை வைத்தேன். தொடர்பு விட்டுப்போய் அரை மணித்தியாலம் கழிந்தால் செஷன் முடிந்துவிடும், சேமிக்காதது போய்விடும். சேர்வர் பறந்தது. மனேஜர் முதுகில் தட்டினார்.

அந்த வாரமே வெள்ளவத்தையிலிருந்து ஓர் அக்கா போன் எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் கணக்காளர்களில் ஒருவர், தாயோடு, றோட்டிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தார்.

"தம்பி, விடிய இருந்து அடிச்ச கணக்கெல்லாம் எங்க?"

"சேவ் பண்ணல்லையா அக்கா?"

"பொலிஸ் வந்து எல்லாரும் றோட்டுக்கு இறங்குங்கோ எண்டேக்க, கொஞ்சம் பொறுங்கோ ஐயா சேவ் பண்ணிப்போட்டு வாறன் எண்டு சொல்லட்டோ?"

எங்கள் பழைய புரோகிராம் ஒரு தொகுதிக் கணக்கை முழுதாக அடித்து முடித்தால்தான் சேமிக்கவே விடும். கதவு தட்டப்பட்டால் அக்கா முதலில் செய்வது திரையை மூடுவது. தமிழர் வீட்டில் கம்ப்யூட்டர் திறந்து கிடந்தால் அதற்கும் நாலு கேள்வி வரும். பிறகு அடையாள அட்டையோடு ஒழுங்கை முழுவதும் இரண்டு மூன்று மணித்தியாலம் வெயிலில் நிற்கும். "கொழும்பில் என்ன வேலை?" என்று கேட்பார்கள். அக்காவிடம் அதற்கு இருந்த ஒரே பதில் எங்கள் அலுவலக அட்டை. மாதக் கணக்கு இன்னொரு முறை பிந்தினால் வேலை இல்லை என்று மனேஜர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

எனக்கு உடனே வழி தெரிந்தது. சுற்றிவளைப்பு நடக்கும் இடங்களில் இருப்பவர்களை ஒரு தனிக் குழுவாக்கினேன். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி. அவர்களுக்கு மட்டும் நாலு மணித்தியாலம். பின்னால் வந்து நின்ற மனேஜர் பெயர்களை வாசித்துவிட்டுச் சிரித்தார். "ஒக்கொம தெமளனே மல்லி!" எல்லாரும் தமிழர்தானே தம்பி என்று சிங்களத்தில் சொன்னார். குத்தல் ஒன்றும் இல்லை, கண்டதைச் சொன்னார். அடுத்த நாள் அலுவலகத்துக்கு வந்த அக்காவிடம் இதைப் பகிடியாகச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

"எங்களை எல்லாம் ஒரு இடத்தில எழுதி வச்சிருக்கிறீரோ?"

"அது சேர்வருக்குள்ள அக்கா. கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும்."

"கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சது பிரிண்டருக்குத் தெரியாதோ? எண்பத்துமூண்டில எங்கட வீடுகளை எரிக்க வந்தவங்கட கையிலயும் பேருகள் இருந்தது. என்ர பேரை எடும்."

"எடுத்தா திரும்ப அரை மணித்தியாலம்தான்."

"பரவாயில்லை. எடும்."

எடுத்தேன். விஷயம் பரவி மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கேட்டார்கள்; குழு வெறுமையானது. அக்காவுக்கு மட்டும் தனியாக நேரத்தைக் கூட்டவா என்று கேட்டேன். மற்றவர்களுக்கு இல்லாத ஒன்று தன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்றார். எல்லாருக்கும் நாலு மணித்தியாலம் கொடுத்துப் பார்த்தேன். அன்றைக்கே சேர்வர் இறுகி நின்றது, மனேஜர் கத்தினார், பழையபடி அரை மணித்தியாலமாக்கினேன். என் படிப்பில் இருந்த வழிகள் இவ்வளவுதான்.

மாத முடிவன்று என் திரையில் அக்காவின் பெயருக்கு எதிரே 'தொடர்பு இல்லை' என்று விழுந்தது. போன் எடுத்தேன். மணி அடித்தபடியே இருந்தது. தாயும் றோட்டில்தான் நின்றிருக்க வேண்டும். நேரத்தை இப்போது கூட்டினாலும் ஏற்கெனவே திறந்த செஷனுக்கு அது பொருந்தாது. உள்ளே போய்த் தொகுதியை முடித்துவிட அக்காவின் பாஸ்வேர்டு என்னிடம் இல்லை. பார்த்துக்கொண்டு இருந்தேன். அரை மணித்தியாலம் முடிந்ததும் அந்த வரி, சேமிக்காத மாதக் கணக்கோடு, திரையிலிருந்து காணாமல் போனது.

வேலை போய், அக்கா அலுவலக அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது என் மேசையடியில் நின்றார்.

"பொலிஸில இருந்து கேட்டு போன் வந்தா, இஞ்சதான் வேலை செய்யிறா எண்டு சொல்லுவீரோ தம்பி?"

"சொல்லுவன் அக்கா."

வெளியிலிருந்து வரும் போனை எடுப்பவர் முன் மேசையில் இருக்கும் பெண். அப்படியே சொல்லும்படி அவரிடம் கேட்டேன். மனேஜரைக் கேட்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார்.