மறுவீட்டு நாளில் நின்ற தண்ணீர்

என் தங்கை மகளின் மறுவீட்டு விருந்தன்று நெல்லையில் எங்கள் பகுதி முழுவதற்கும் தண்ணீர் வரவில்லை. அதை நிறுத்த உத்தரவிட்டவன் நான். காரணத்தை எவரிடமும் சொல்லும் உரிமை அப்போது எனக்கு இருக்கவில்லை. அதன் பொதுவான பகுதியை அரசே பின்னாளில் வெளியிட்டுவிட்டது. அந்த எல்லைக்குள் நின்றே இதை எழுதுகிறேன்.

குடிநீர்த் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின் ஒரு தனியார் நிறுவனம் என்னை அழைத்துக்கொண்டது. தாமிரபரணிப் படுகையில் உள்ள உறைகிணறுகளிலிருந்து நீரெடுத்து ஊர்களுக்கு அனுப்பும் பணியை அது ஒப்பந்தத்தில் ஏற்றிருந்தது. என் காலத்தில் ஆள் நின்று இயக்கிய மோட்டார்களை இப்போது ஊருக்குள் ஓர் அறையில் அமர்ந்தபடி கணினியில் இயக்கினார்கள். எந்தத் தொட்டிக்கு எவ்வளவு குளோரின் கலக்க வேண்டும் என்பதையும் அந்த அறையே தீர்மானித்தது. நிறுவனத்துக்கும் அரசுக்கும் இடையே தொடர்பு அலுவலர் என்பது என் பதவி. அங்கிருந்த பொறியாளர்கள் என்னை 'சார்' என்றுதான் அழைத்தார்கள். ஆனால் கேள்வி கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் திரும்பிப் போய்விடுவார்கள்.

இந்த நிலையில்தான் ஓர் அரசு அலுவலகத்தின் மாடியறைக்கு என்னை அழைத்தார்கள். கங்கைகொண்டான் தொழிற்பேட்டையிலிருந்து இருவர், வள்ளியூர்ப் பக்கத்துக் காற்றாலைகளிலிருந்து ஒருவர், துறைமுகத்தை அடுத்த மின்நிலையத்திலிருந்து ஒருவர், தண்ணீருக்கு நான். வாசலிலேயே செல்பேசிகளை ஒரு பிளாஸ்டிக் தட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பேசியவர் ஒரு பெண் அதிகாரி. எங்களைப் போன்ற நிறுவனங்களின் இயக்கு கருவிகளுக்குள் வெளியிலிருந்து எவரோ நுழைந்து பார்த்துக்கொண்டிருப்பதாக அரசுக்குத் தகவல் வந்திருந்தது.

"தகவல் எங்ககிட்ட இருக்கு, மோட்டார் உங்ககிட்ட இருக்கு. அதான் கூப்பிட்டோம்" என்றார். "வெளிய தெரிஞ்சா நுழைஞ்சவன் உஷாராயிருவான். இங்க கேட்டதை இங்கயே விட்டுட்டுப் போங்க. வீட்டுலகூட வேண்டாம்."

வீட்டில் சொல்வதற்கு எனக்கு யார் இருந்தார்கள்? என் மனைவி காலமான பிறகு என் வீட்டில் பேச்சு என்பதே தொலைக்காட்சி செய்தியோடு சரி. ஆயினும் அந்த அறையைவிட்டு இறங்கியபோது, மீண்டும் நாற்காலியில் அமர்த்தப்பட்டவனைப் போல உணர்ந்தேன். அரசு என்னை நம்பியது. அதற்குத் தகுதியானவன் என்பதில் எனக்கு ஐயமிருந்ததில்லை.

என் ஒரே தங்கை இரண்டு தெரு தள்ளி வசிக்கிறாள். மனைவி போன நாள் முதல் இரவுச் சாப்பாடு அவள் வீட்டிலிருந்து தூக்குவாளியில் வந்துகொண்டிருந்தது. கொண்டுவருபவர் என் மைத்துனர். வெறும் வாளியைத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது. நான் இரண்டு பழமோ, ஒரு கைப்பிடி சர்க்கரையோ போட்டு அனுப்புவேன். அவள் அதைக் கண்டு, "எங்கண்ணன் கடனாளியா இருக்க மாட்டாவ" என்று சிரிப்பாளாம். மைத்துனர் சொல்லித்தான் தெரியும்.

அவள் மகளின் திருமணம் ஒரு மண்டபத்தில் முறையாக நடந்தது. மறுநாள் மறுவீடு, பெண் வீட்டிலேயே. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டுச் செய்யும் சொதி விருந்து. திருமணத்தன்று மாலை நான் தங்கை வீட்டுக்குப் புறப்படும் நேரத்தில் அந்தப் பெண் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். நாளை விடியற்காலை முதல் எங்கள் கருவிகளை வெளித்தொடர்பிலிருந்து துண்டிக்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்தையும் நேரில் சோதித்துக் கைமுறைக்கு மாற்றும்வரை ஒரு துளியும் தொட்டிக்கு ஏறக்கூடாது. குளோரின் கலக்கும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும். முன்னறிவிப்புக் கூடாது. தண்ணீர் நின்ற பிறகு பராமரிப்புப் பணி என்று சொல்லிக்கொள்ளலாம். நான் உரியவர்களுக்கு ஆணைகளைக் கொடுத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, தாய்மாமனாகத் தங்கை வீட்டுக்குச் சென்றேன்.

பின்கட்டில் தேங்காய் மலையாகக் குவிந்திருந்தது. உறவினர் கூட்டம் குளித்துக் குளித்துத் தொட்டியை ஏறக்குறைய வற்றடித்திருந்தது. சமையலுக்கு வந்திருந்த தவசிப்பிள்ளை என்னைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, காலைல தண்ணி வந்துருமில்லா? தேங்காப்பாலு எடுக்கதுக்கே ஒரு அண்டா வேணும். மாப்பிள வீட்டுக்காரவுக சொதின்னா வரிஞ்சு கட்டிக்கிட்டு உக்காருவாவளாம்."

'லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை இப்போதே நிரப்பிக்கொள்ளும்' என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவர் அதை மளிகைக் கடையில் சொல்வார். கடை தெருவுக்குச் சொல்லும். விடிவதற்குள் ஊர் முழுவதும் குடங்கள் வரிசையில் நிற்கும், ஏன் என்ற கேள்வியோடு. அப்படி ஆகாவிட்டால் இன்னும் மோசம். ஊரே வறண்டு கிடக்க, அதிகாரியின் தங்கை வீட்டுத் தொட்டி மட்டும் நிறைந்திருக்கும். என் பணிக்காலத்தில் என் கையொப்பத்தை எவரும் அப்படிச் சுட்டிக்காட்டியதில்லை. 'வரும்' என்று பொய் சொல்லவும் எனக்கு நா எழவில்லை. செல்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, அழைப்பு வந்தவனைப் போலத் தெருவுக்கு இறங்கினேன். அவர் அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார் என்று பிறகு அறிந்தேன்.

விடிந்தபோது குழாயில் காற்றுதான் வந்தது. என் ஆட்கள் ஆற்றங்கரையில் ஒவ்வொரு நிலையமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரித் தண்ணீருக்கு மைத்துனர் அழைத்த இடங்களிலெல்லாம் வேறு ஆட்கள் முன்பே லாரியைப் பிடித்துவிட்டிருந்தார்கள். கடைகளில் கிடைத்த கேன் தண்ணீரில் சொதி கொதித்தது. கை கழுவுவதற்குப் பக்கத்து வீட்டுக் கிணற்றில் இறைத்துவந்த தண்ணீரைச் செம்பு செம்பாக அளந்து ஊற்றினார்கள். இலை போடும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா, வேட்டியை மடித்துக்கொண்டு அமர்ந்தபடியே, பந்தி முழுவதும் கேட்கும்படி பேசினார்.

"பொண்ணுக்கு மாமா தண்ணி ஆபீசருன்னு சொன்னாவளே வே. ஆத்துல தண்ணி ஓடுது, ஆபீசரும் இந்தா உக்காந்திருக்காரு. கொழாயிலதான் ரெண்டு பேரையும் காங்கல."

பந்தி சிரித்தது. நான் இஞ்சிப் பச்சடியைத் தொட்டுக்கொண்டேன். அப்போது என் தங்கை சொதி வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று சொன்னாள்: "எங்கண்ணனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லாம இருப்பாவளா?"

"அப்ப ஆபீசருக்கே தெரியாம நிறுத்திருக்கானுவளா? நல்ல ஆபீசுதான் போங்க" என்றார் பெரியப்பா. மறுபடியும் சிரிப்பு.

தன் பம்புகள் நின்றதை அறியாத அலுவலர் என்று அத்தனை பேர் நடுவில் நான் ஆக்கப்பட்டேன். பராமரிப்புப் பணி என்று இப்போது சொன்னால் முன்பே தெரிந்தும் மறைத்ததாகிவிடும்; மறுத்துச் சொல்ல முடியாதிருந்தது. அவளைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது, எனக்காகவே அவள் அதைச் சொன்னாள்.

விருந்தினர் போன பிறகு அவள் என்னை அடுக்களைப் பக்கம் அழைத்தாள். கைகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. கழுவத் தண்ணீரில்லாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாரு முன்னாலயும் ஒங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். அது நெசந்தானேண்ணே?"

"ஆபீஸ் விஷயம் வீட்டுல பேச வேண்டாம்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி" என்றாள்.

அதற்கு மறுவாரமே தூக்குவாளி வருவது குறைந்தது. மகள் ஊருக்குப் போய்வர வேண்டியிருக்கிறது, உடம்பு அசதி என்று மைத்துனர் காரணம் சொன்னார். பின்னர் காரணமும் வரவில்லை, வாளியும் வரவில்லை. நான் சந்திப்பு ரயில் நிலையம் அருகே ஓர் உணவகத்தில் இரவுக்கு இட்லி வாங்கிக்கொள்ளத் தொடங்கினேன். தெரிந்தவர்கள் கேட்டால், நடைப்பயிற்சிக்கு வந்தேன் என்பேன்.

மாடியறையில் மீண்டும் ஒரு கூட்டம் நடந்தது. முடிந்ததும் அந்தப் பெண் அதிகாரியிடம் தனியே கேட்டேன், அன்றைய தினம் உண்மையாகவே எங்கள் நிலையத்துக்குள் எவரேனும் நுழைய முயன்றார்களா என்று. அதை அறிந்துகொள்ளும் தகுதி எனக்கு உண்டென்று கருதினேன்.

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல சார்" என்றார் அவர், மிகுந்த மரியாதையுடன். தட்டிலிருந்து என் செல்பேசியை அவரே எடுத்துக் கொடுத்தார்.

நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒப்பந்தக் காலம் முடிந்து நான் அந்தப் பணியிலிருந்தும் விலகினேன். அதற்குப் பின் ஒரு கோடையில், ஒரு நாள் காலை, குழாயைத் திறந்தால் காற்று. அண்டை வீட்டுக்காரர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, ஒங்களுக்கு வெவரம் வந்திருக்குமே" என்றார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. சற்று நேரத்தில் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். அவளாக அழைத்து நெடுநாளாகியிருந்தது.

"அங்கன தண்ணி வருதாண்ணே?"

"வரலம்மா."

"என்ன காரணம், தெரியுமா?"

"தெரியாது."

சட்டென்று வந்துவிட்டது. உண்மையாகவே எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்ல எவருக்கும் அவசியமும் இல்லை. அவள் வீட்டுக் கடிகாரத்தின் ஒலி கேட்டது.

"இந்த ஒரு வார்த்தைதானேண்ணே. அன்னைக்கும் இப்படிச் சொல்லிருந்தா நான் நம்பிருப்பேன்."

"அன்னைக்குச் சொல்ல முடியல" என்றேன்.

அந்த வாக்கியத்தின் மூலம் நான் எதையும் வெளியிட்டுவிடவில்லை என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் அவள் என் தங்கை.

"அப்ப தெரிஞ்சிருக்கு" என்றாள். குரலில் கோபமில்லை. பிறகு, "குடிக்கத் தண்ணி இருக்கா? இவுககிட்ட குடுத்தனுப்புதேன்" என்று வைத்துவிட்டாள்.

மைத்துனர் வண்டியில் இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவந்தார். உள்ளே வரவில்லை. "கேனுக்கு அவசரமில்ல, பைய குடுங்க" என்று சொல்லிவிட்டு, வண்டியை அணைக்காமலே திரும்பினார்.

இயக்கு கருவிகளுக்குள் வெளியாட்கள் நுழைவது பற்றிய எச்சரிக்கையை அரசு வெளியிட்டது அதற்கும் பின்னால்தான். இப்போதாவது அவளிடம் விளக்கலாமே என்று எவரேனும் கேட்கக்கூடும். இத்தனை நாள் கழித்து விளக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினால், அது மன்னிப்புக் கேட்பது போலிருக்கும். மன்னிப்புக் கேட்க வேண்டிய காரியம் எதையும் நான் செய்யவில்லை. தண்ணீர் சுத்தமாக இருந்தது. மீண்டும் வந்தபோது அதைக் குடித்த எவருக்கும் ஒன்றும் நேரவில்லை, அவள் வீட்டார் உட்பட.

கேன்களைக் கழுவிக் கவிழ்த்து உலர்த்தி வைத்திருக்கிறேன். வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது. தண்ணீர்க் கேனில் பழம் நுழையாது, சர்க்கரை போடுவதும் முறையாகத் தோன்றவில்லை. எதை நிரப்பிக் கொண்டுபோவது என்று விளங்காமல், அவை இன்னும் என் அடுக்களை மூலையில் இருக்கின்றன.