தெருப் பாவும் நாலு கொலைக் கேஸும்

வடிவாம்பாள் சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். துக்க வீட்டில்கூட இவளை நம்பி உட்கார வைக்க முடியாது என்று கணவர் திருஞானசம்பந்தம் தலையில் அடித்துக்கொள்வார். அப்படிப்பட்டவள் மாதக்கணக்கில் சிரிக்கவில்லை என்றால் ஊர் பயப்படாமல் என்ன செய்யும்?

நடந்தது இதுதான். ஒரு நாள் காலை, காஞ்சிபுரத்தில் அவர்கள் தெருவில் பக்கத்து வீட்டுக் கங்கையம்மாளின் பாவு நீண்டு கிடந்தது. சேலைக்கான பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிச்சுப் போட அக்கம்பக்கமே கை கொடுக்கும். கூலி கிடையாது, காப்பி உண்டு, வம்பு தாராளமாக உண்டு. பாவின் முனையைக் கட்டையில் கட்டுவதற்காக வடிவாம்பாள் கையில் பிடித்திருந்தாள். அப்போது ஹெல்மெட் போட்ட ஒருவன் பைக்கில் வந்து இறங்கினான். பாகப்பிரிவினைத் தகராறில் அண்ணனைத் தேடி வந்தவன், அண்ணனைச் சுட்டதோடு நிற்காமல் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டான், பாவி! நாலு பேர் போனார்கள். கங்கையம்மாளும் அதில் ஒருத்தி.

எல்லாரும் வீட்டுக்குள் பாய்ந்தார்கள். முனை கையில் இருந்ததால் வடிவாம்பாள் மட்டும் ஓடவில்லை. துப்பாக்கியில் மறுபடி குண்டு போடுவதற்காக அவன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான். அடுத்த தெரு ராஜகோபால்! அந்த முகத்தைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

கோர்ட்டில் ராஜகோபாலின் வக்கீல் அவளை மடக்கினார். “ஊரே உயிருக்குப் பயந்து ஓடுது. நீங்க மட்டும் நூலப் புடிச்சுக்கினு நின்னீங்களா? நம்புற மாதிரியாம்மா இருக்குது?”

“பின்ன? வுட்டா அவ்ளோ பட்டும் சிக்காயிடும் சார். நாளைக்கு கங்கா மூஞ்சில எப்படி முழிக்கறது?”

கோர்ட்டே சிரித்தது. முழிக்கக் கங்கா இல்லை என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. கூண்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து ஒரே கவலை. “என் வாயாலயே கேஸக் கெடுத்துட்டேன். அவன் வெளிய வந்தான்னா தெருவுல எவன் பாவு போடுவான்?” ஏற்கெனவே யாரும் போடவில்லை. ஊருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்து வளாகத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து ராஜகோபால் தரப்புச் சாட்சியாக வந்தார் குப்புசாமி, அதே தெருவில் தறி வைத்திருப்பவர். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் வடிவாம்பாளும் ஓடிவிட்டாள், ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்று கூசாமல் புளுகினார். அரசு வக்கீல் துர்கா எழுந்தார்.

“ஓடுனாங்களா? அப்ப பாவு முனைய அப்படியே கீழ போட்டுட்டாங்களா?”

குப்புசாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “அதெப்படிமா போடுவா? நெசவுக்காரி அவ! தெருவுலயே உக்காந்து மாரோட அணைச்சுப் புடிச்சுக்கினு இருந்தாளே, நான் பாத்தேனே!”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன பிரயோஜனம்? ஜட்ஜ் எழுதிக்கொண்டுவிட்டார்.

ராஜகோபால் குற்றவாளி என்று தீர்ப்பானது. தண்டனை சொல்லும் நாளில் கங்கையம்மாளின் மகள் மஹாலட்சுமி வடிவாம்பாளின் கையை விடவே இல்லை. நாலு கொலைக்கும் ஆயுள் தண்டனை என்று ஜட்ஜ் வாசித்து முடித்தபோது, அந்தப் பெண் தோளில் சாய்ந்து தேம்பினாள். வடிவாம்பாளுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

“அத்தை, நம்ம தெருவுலயே பாவு போடலாமா?”

“கேக்கணுமாடி?”

அந்த வாரமே போட்டார்கள். கூப்பிடாத வீடுகூட வந்தது. கடைசியாகத் தயங்கித் தயங்கிக் குப்புசாமி வந்தார். “முனைய நான் புடிக்கட்டாமா?”

மஹாலட்சுமி அத்தையைப் பார்த்தாள்.

“புடி. வுட்டன்னா இங்கயே கோர்ட்டு வெப்பேன்,” என்றாள் வடிவாம்பாள்.

பாதி வேலையில், சாமி புறப்பாட்டுக்கு அடுத்த தெருவில் அதிர்வேட்டுப் போட்டார்கள். டமார்! வடிவாம்பாள் பயந்து பயந்து பாவைப் பார்த்தாள். ஓர் இழைகூடத் தொய்யவில்லை. ஒருத்தரும் ஓடவில்லை. குப்புசாமி மட்டும் தரையில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, முனையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள். தெருவே திரும்பிப் பார்த்தது.